ஷோக்குக்கா, பொழப்புக்கா?: ஒரு வடிவமைப்பாளரின் அகத்தூண்டல்களை முன்வைத்து

அடையாறில் ஒரு கண்காட்சி. கைவினைப் பொருட்களை 'இன்றைய வீட்டுக்கு ஏற்ப' மாற்றித் தருகிற வடிவமைப்பாளர் ஒருவர் பேசினார். நல்ல பேச்சு. தனக்கு அகத்தூண்டல் புத்தகங்களிலிருந்து வருவதில்லை, தினமும் காலையில் சைக்கிளில் சுற்றும்போது தெருவிலிருந்துதான் வருகிறது என்றார். மயிலாப்பூர் மாட வீதிக் கோலம், கொலு பொம்மைக்கு அடிக்கிற வண்ணம், தி. நகரில் பூ முழம் போடுகிற விரல்கள், மீன்பாடி வண்டி என்று பட்டியல் நீண்டது. கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். நானும் மந்தைவெளியிலிருந்து சைக்கிளில்தான் போயிருந்தேன் என்பதால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

திரும்பும்போது திரு.வி.க. பாலம் தாண்டியதும் பின்சக்கரம் பஞ்சர். தள்ளிக்கொண்டு போய் ஒரு கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டே கேட்டார்: "இன்னா சார், சைக்கிளு ஷோக்குக்கா, பொழப்புக்கா?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

நான் தமிழ் படித்தவன். எனக்குத் தெரிந்த கருவி இலக்கணம். அன்றைய பேச்சை அதை வைத்தே பார்க்கலாம். அதில் 'நான்' என்பதைத் தவிர வேறு எழுவாயே இல்லை. கோலம் இருக்கிறது, போட்டவள் இல்லை. பொம்மை இருக்கிறது, செய்தவர் இல்லை. மீன்பாடி வண்டி இருக்கிறது, பட்டறையில் அதை ஒட்டவைத்தவரும் இல்லை, மிதிப்பவரும் இல்லை. எல்லாம் செயப்படுபொருளாகி வரிசையில் நிற்கின்றன. 'அகத்தூண்டல்' என்ற சொல் செய்கிற வேலை இதுதான். எடுத்தேன் என்று சொன்னால் யாரிடமிருந்து என்று கேட்கலாம். தூண்டப்பட்டேன் என்று சொல்லிவிட்டால் கேட்க இடமில்லை. செயப்பாட்டு வினைக்குள் எவ்வளவு அரசியல்!

இது ஒரு தனிநபரின் குறை அல்ல. அவர் பேசிய சொல்லாடலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இந்திய அரசின் அழைப்பில் வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958-ல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் அதன் வழியாகவே உருவானது. இந்தியாவில் பார்த்த பொருட்களிலெல்லாம் அவர்கள் உச்சியில் வைத்தது நம் வீட்டுச் சொம்பை. அதன் கழுத்து, எடை, இடுப்பில் உட்காரும் வாகு, தண்ணீர் ஊற்றும்போது கிடைக்கும் சமநிலை எல்லாவற்றையும் வியந்தார்கள். எந்தத் தனிமனிதராலும் இதை வடிவமைத்திருக்க முடியாது, பல தலைமுறைகள் சேர்ந்து செய்தது என்றார்கள். உண்மையான மரியாதைதான். ஆனால் இந்த மரியாதையில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. 'தலைமுறைகள்' செய்ததற்கு யாருக்கும் கூலி பாக்கி இல்லை. சொம்பை அடித்த கன்னாருக்கு ஒரு சாதிப் பெயர் இருந்தது, தெரு இருந்தது, கடன் இருந்தது. அவருடைய அநாமதேயம் இயற்கையாக விளைந்தது அல்ல. அது உண்டாக்கப்பட்டது.

ரொலான் பார்த் 1960களில் அறிவித்த 'ஆசிரியனின் மரணம்' 90களில் நம் சிற்றிதழ்களில் எத்தனை பக்கங்களை எடுத்துக்கொண்டது என்பதைப் பழைய இதழ்களைப் புரட்டியவர்கள் அறிவார்கள். எனக்கும் அந்த வாசிப்பால் லாபம் உண்டு. ஆனால் கைவினை என்று வரும்போது கேட்காமல் இருக்க முடியவில்லை: ஆசிரியனாகப் பிறக்கவே விடப்படாதவனுக்கு மரணம் ஏது?

காஞ்சிபுரம் தறியை எடுத்துக்கொள்வோம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்வது கோர்வை. அதற்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளர் ஒருவரால் முடியாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித் தர வேண்டும். பெரும்பாலும் வீட்டு ஆள், மனைவி அல்லது பிள்ளை. ஆக ஒரு சேலைக்குள் இரண்டு பேருடைய கைகள். 1936-ல் அடையாறில் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ராவில் நெசவுப் பிரிவும் வந்தது. பழைய சேலைகளின் கரைகளும் நிறச் சேர்க்கைகளும் அங்கே மீண்டும் தறியேறின. அது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் 'கலாக்ஷேத்ரா சேலை' என்ற பெயர் நிலைத்தது, நாடா தள்ளிய இரண்டாவது கை எங்கே போயிற்று? புவிசார் குறியீடும் ஊருக்குத்தான் பெயர் தருகிறது, ஆளுக்கு அல்ல.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: கலைஞர்களே கைவினை செய்து பிழைத்த இடமும் உண்டே? உண்டு. கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் நிறுவிய சோழமண்டலம். ஓவியம் விற்காத காலத்தில் மெழுகு தடவிச் சாயம் தோய்த்த பாத்திக் துணியும் தோல் வேலையும் விற்றுத்தான் அவர்கள் சாப்பிட்டார்கள். மதிக்க வேண்டிய வரலாறு. ஆனால் அங்கேயும் படிநிலை கலையவில்லை. கலை வரலாறு பேசுவது ஓவியத்தை; பாத்திக் அடிக்குறிப்பு. பொழப்பு தாங்கிப் பிடித்தது, பெயர் ஷோக்குக்குப் போனது. பணிக்கர் முதல்வராக இருந்த கல்லூரியையே பாருங்கள். 1850-ல் அலெக்சாண்டர் ஹன்ட்டர் தொடங்கிய அது சீக்கிரமே தொழிற்கலைப் பள்ளி ஆனது. இன்று அது அரசு கவின் கலைக் கல்லூரி. 'தொழில்' உதிர்ந்து 'கவின்' ஒட்டிக்கொண்டது.

இனி சைக்கிளுக்கு வருவோம். வடிவமைப்பாளர் மிதிக்கிற அதே காலை ஆறு மணிக்கு இந்த நகரத்தில் வேறு சிலரும் மிதிக்கிறார்கள்: பேப்பர் போடும் பையன், கேரியரில் தண்ணீர் கேன் கட்டியவர், கேனில் டீ எடுத்துப் போகிறவர். இவர்களுக்குத் தெரு காட்சி அல்ல, தூரம். 2014-ல் சென்னை மாநகராட்சி நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் முன்னுரிமை என்று கொள்கை வகுத்தது. வரவேற்க வேண்டியதுதான். 2019-ல் பாண்டி பஜார் அகலமான நடைபாதையோடு, வடிவமைக்கப்பட்ட தெருவாகத் திறக்கப்பட்டது. நடக்கச் சுகமாக இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நடைபாதையில் காலங்காலமாகக் கடை போட்டிருந்தவர்கள் 2013-லேயே அடுக்குமாடி வளாகம் ஒன்றுக்குள் அனுப்பப்பட்டிருந்தார்கள். முதலில் ஆளை அப்புறப்படுத்து, பிறகு 'தெருவின் உயிர்ப்பு' என்று படம் எடு. அகத்தூண்டலின் இலக்கணம் நகரத்தின் மீதும் எழுதப்படுகிறது.

அப்படியானால் அழகைப் பார்க்கவே கூடாதா, பொழப்பு மட்டும்தான் புனிதமா? அப்படிச் சொன்னால் அதுவும் நடுத்தர வர்க்கக் குற்றவுணர்வின் இன்னொரு ஷோக்கு. புதுக்கோட்டையை நினைத்துப் பாருங்கள். 90களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். கல்குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள். கேலிப் பேச்சுக்கு நடுவே ஓட்டினார்கள். அதில் பொழப்பும் இருந்தது, கொண்டாட்டமும் இருந்தது. பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியதில் ஒரு சின்னத் தகவல் எனக்கு முக்கியம். 'லேடீஸ்' சைக்கிளைவிட 'ஜென்ட்ஸ்' சைக்கிளே வேண்டும் என்று சில பெண்கள் சொன்னார்கள். காரணம், அதில்தான் சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரை பார் உண்டு. குழந்தையை உட்கார வைக்கலாம். பெண்ணுக்கென்று யாரோ வரைந்து கொடுத்த வடிவத்தை அவள் தன் வாழ்க்கையை வைத்துத் திருத்துகிறாள். வடிவமைப்பு என்றால் இது அல்லாமல் வேறு எது? இங்கே எழுவாய் அவள்.

நாங்கள் இல்லாவிட்டால் இந்தக் கைவினை செத்தே போயிருக்கும் என்று வடிவமைப்பாளர்கள் சொல்வார்கள். பல இடங்களில் அது உண்மை. புது வடிவம் வந்தால் ஆர்டர் வருகிறது, அடுப்பு எரிகிறது. நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த கண்காட்சியில் விலைச்சீட்டின் பின்பக்கம் செய்தவரின் பெயர் இருக்கட்டும். கோர்வைச் சேலையென்றால் இரண்டு பெயர்கள். அந்த விலையில் அவர்கள் கைக்குப் போனது எவ்வளவு என்பதும் இருக்கட்டும். மேடையில் அவர்களுக்கும் ஒரு நாற்காலி, தங்களுக்கு எது பிடிக்கும், எது அலுப்பு என்று சொல்ல. பொம்மை செய்கிறவருக்கும் அகத்தூண்டல் உண்டு. அதை இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். விமர்சகர்களான நமக்கும் இதில் பொறுப்பு உண்டு. கவிதைக்குப் பத்துப் பக்கம் ஒதுக்குகிற நாம் ஒரு பானைக்கு, ஒரு வண்டிக்கு, செய்தவர் பெயரோடு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறோமா? நான் எழுதியதில்லை.

அன்று கடைக்காரர் ஒட்டு போட்டு முடித்து, காற்றடித்து, சக்கரத்தை ஒருமுறை சுழற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். ரிம் லேசாகக் கோணியிருப்பதைச் சத்தத்திலேயே கண்டுபிடித்து, கேட்காமலேயே கம்பிகளை முறுக்கிச் சரிசெய்தார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. "கோணலா ஓடுனா பாக்க நல்லால்ல சார்" என்றார். அது ஷோக்கா, பொழப்பா? கேள்வியை அவரிடமே திருப்பிக் கேட்டேன். சிரித்தார். பெயர் கேட்டேன், சொன்னார். இங்கே எழுதட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். அந்த முடிவாவது அவருடையதாக இருக்கட்டும்.