ஏரோது வேடம்: கரைக்குக் கரை

காட்டுப்பள்ளியிலிருந்து எண்ணூர், திருவொற்றியூர் வழியாக ராயபுரம் வரை டிசம்பர் மாதத்தில் கோயில் மேடைகளில் ஏறும் கிறிஸ்துமஸ் நாடகங்களில் மரியாளுக்கும் சூசையப்பருக்கும் வசனம் சொற்பம். வானதூதர் வந்து சேதி சொல்லிப் போய்விடுவார். இடையர்கள் ஆட்டுக்குட்டியோடு வந்து மண்டியிடுவார்கள். நாடகம் என்ற ஒன்று அங்கே நடக்கிறதென்றால் அது ஏரோதால்தான். மற்றவர்களுக்கு வழிகாட்ட நட்சத்திரம் இருக்கிறது, எச்சரிக்கக் கனவு வருகிறது. இத்தனை அற்புதத்துக்கும் நடுவில் ஒரு கனவுகூட வராத மனிதன் அவன் ஒருவன்தான். ஒற்றரையும் மறைநூல் அறிஞரையும் தன் மூளையையும் மட்டுமே நம்பி அவன் காய் நகர்த்த வேண்டியிருக்கிறது. அதனால்தான் அந்த வேடம் கனமானது.

ஏரோது வேடக்காரரை அளக்க வேண்டியது குழந்தைகளைக் கொல்ல ஆணையிடும் காட்சியில் அல்ல. அங்கே கத்தினால் போதும், கூட்டம் நடுங்கிவிடும். அளக்க வேண்டியது அதற்கு முந்திய காட்சி. கீழ்த்திசை ஞானிகள் அரண்மனைக்கே வந்து, யூதருக்கு ராஜாவாகப் பிறந்திருப்பவர் எங்கே என்று அவனிடமே கேட்கிறார்கள். பிறந்த ராஜா! ஏரோது பிறப்பால் ராஜா அல்ல. இதுமேயா நாட்டுக் குடும்பத்தில் வந்தவன். கி.மு. 40இல் ரோம் செனட் சபை பார்த்துக் கொடுத்த பட்டம் அது. அதை வைத்துக்கொண்டு, மூன்று ஆண்டு போராடி எருசலேமைப் பிடித்து அரியணை ஏறியவன். அந்த ஒரு வார்த்தை அவனை எங்கே குத்தும் என்று தெரிந்த நடிகர் அந்த இடத்தில் குரலை உயர்த்த மாட்டார். விருந்தாளிகளுக்கு இருக்கை போடச் சொல்வார். நட்சத்திரம் எப்போது தெரிந்தது என்று, ஏதோ வானிலை விசாரிப்பதுபோல, மெல்லக் கேட்பார். கண்டுபிடித்ததும் தனக்கும் சொல்லும்படி பணிவாகக் கேட்டுக்கொள்வார். பயம் தெரியவும் வேண்டும், மறைக்கப்படவும் வேண்டும்.

தமிழில் இந்த வேடத்துக்குப் பழைய மேடை ஈழத்து மன்னார்க் கரையில் இருக்கிறது. அங்குள்ள கத்தோலிக்க ஊர்களின் நாட்டுக்கூத்து மரபில் வந்தது, கீழ்த்திசை ஞானிகளின் கதையான மூவிராசர் நாடகம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதை 1966இல் பதிப்பித்தார். எண்டிறிக்கு எம்பரதோர், ஞானசவுந்தரி நாடகங்களும் அவர் கையால் அச்சேறின. ஏட்டிலும் கூத்து ஆசான்களான அண்ணாவிமார் நினைவிலும் கிடந்த கூத்துகளுக்கு அவர் செய்த தொண்டுக்கு நாம் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை. மன்னாரில் இரண்டு பாங்குகள் உண்டு: மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு. மெட்டிலும் பாடும் முறையிலும் இரண்டும் வேறு. நீண்ட நாடகத்தைச் சுருக்கி, பாட்டுக்கிடையே வசனம் கலந்து ஆடும் வாசாப்பும் அங்கே உண்டு. எந்தப் பாங்காக இருந்தாலும் கூத்தில் அரசனுக்கு வரவு உண்டு. கட்டியம் கூறப்படும், அரசன் தன் பேரும் புகழும் பாடிக்கொண்டு சபைக்கு வருவான். இந்த மரியாதை தர்ம ராஜாவுக்கும் கொடுங்கோலனுக்கும் ஒன்றுதான். இதை அந்த மரபின் மிகப் பெரிய அறிவு என்பேன். முதலில் அவனை ராஜாவாக்கிக் காட்டிவிட வேண்டும். ராஜாவாக அவன் நிமிர்ந்து நின்றால்தான், ஒரு குழந்தையின் பேரைக் கேட்டு அவன் கலங்குவதற்கு அர்த்தம் உண்டு.

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் கூத்து தென்மோடி என்னும் ஆட்டமுறை சார்ந்தது. அங்கே காலப்போக்கில் ஆட்டம் குறைந்து பாட்டு மேலோங்கியது. எனவே அங்கே அரசனின் சினம் தொண்டையில்தான் வர வேண்டும். உச்சத்தில் பாடிவிட்டு அடுத்த அடியிலேயே கீழிறங்கத் தெரியாதவர் அந்த வேடத்துக்கு ஆக மாட்டார். மட்டக்களப்பில் ஆடும் மற்றொரு முறையான வடமோடியில் கதை பெரும்பாலும் பாரதமும் இராமாயணமும்தான். ஆனாலும் கரப்புடுப்பு என்னும் அரச உடையின் கனத்தோடு வேகமான தாளக்கட்டுக்கு ஆடும் அந்த அரசர்களிடமிருந்து ஏரோது வேடக்காரர் உடம்பைப் பற்றி நிறையக் கற்கலாம்.

கேரளக் கரையின் சவிட்டுநாடகம் இந்தக் கத்தோலிக்கக் கூத்துகளுக்குப் பங்காளி முறை. லத்தீன் கத்தோலிக்கர் ஆடும் அதன் பழைய பாடல்களில் தமிழ் நிறைந்திருக்கிறது. அதன் தொடக்க ஆசான்களில் ஒருவராகச் சின்னத்தம்பி அண்ணாவியைச் சொல்வார்கள். பலகை மேடையை மிதித்து ஒலியெழுப்பி ஆடுவது அதன் உயிர். சார்லமேன் கதையான காறல்மான் சரிதம் அங்கே புகழ்பெற்றது. அதிகாரத்தைக் காலால் பேசும் பள்ளி அது.

கடல் தாண்டிப் போகாமல் நம் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துத் தெருக்கூத்தைப் பார்த்தாலே வடசென்னைக்காரர்களுக்குப் பாதி வித்தை கிடைத்துவிடும். தன்னையே கடவுளென்று சொல்லச் சொல்லி, மறுத்த பிள்ளையைக் கொல்லத் துணிந்த இரணியன் அங்கே இருக்கிறான். பதினெட்டாம் போர்க் கூத்தில் எல்லாம் இழந்து தனியாக நிற்கும் துரியோதனனும் இருக்கிறான். திரௌபதி அம்மன் திருவிழாவில் மண்ணால் அவனுக்குப் பெரிய உருவம் செய்து, அவன் வீழும் படுகளம் நடத்தும் ஊர்கள், அவனை வெறும் கெட்டவனாக நினைத்திருந்தால் அத்தனை மண் சுமந்திருக்காது. தனித்து நின்று புலம்பும் அந்த நேரத்தைத்தான் நம் கோயில் நாடகங்கள் ஏரோதுக்குத் தர மறுக்கின்றன. பத்து நிமிட நாடகத்தில் ஜிகினாக் கிரீடமும் ஒட்டுத் தாடியும் ஒரு வெறிச் சிரிப்பும் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். பிள்ளைகள் பாவம், கொடுத்ததைத்தானே நடிப்பார்கள்.

வெறிச் சிரிப்பு நமக்கு மட்டும் வந்த நோய் அல்ல. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத் தொழிற்குழுவினர் நடத்திய பழைய நாடகத்தில் ஏரோது வண்டி மேடையிலும், இறங்கித் தெருவிலும் சீறித் திரிய வேண்டும் என்று குறிப்பே எழுதியிருக்கிறார்கள். மிகை நடிப்புக்கு உதாரணமாக ஹாம்லெட் நாடகத்தில் ஷேக்ஸ்பியர் ஏரோதின் பேரை இழுக்கும் அளவுக்கு அது ஊரறிந்ததாக இருந்தது.

காவிய வழியில் வீரமாமுனிவரின் தேம்பாவணி குழந்தைகள் வதைக்குத் தனிப் படலமே ஒதுக்குகிறது. கண்ணதாசனின் இயேசு காவியமும் ஏரோதைத் தொடாமல் போகவில்லை. இரண்டையும் ஒத்திகைக்கு முன் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

வரலாற்று ஏரோதைத் தெரிந்துகொண்டால் வேடம் இன்னும் ஆழப்படும். யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் எழுதிவைத்த கணக்கு அது. எருசலேம் ஆலயத்தை விரிவாகப் புதுப்பித்தவன் அவன். மனைவி மரியம்னேயை நேசித்தவனும் அவன், கொல்லச் சொன்னவனும் அவன். அவள் பெற்ற இரு மகன்களைக் கி.மு. 7 வாக்கில் கொன்றான். மூத்த மகன் அந்திப்பாத்தரைக் கொன்ற ஐந்தாம் நாள் தானே இறந்தான். தன் சாவுக்கு யாரும் அழமாட்டார்கள் என்று அறிந்து, ஊர்ப் பெரியவர்களை அடைத்துவைத்துத் தான் செத்ததும் கொல்லச் சொன்னதாகவும் ஜோசிஃபஸ் சொல்கிறார். அழுகையாவது கேட்கட்டும் என்று! அவன் தங்கை சலோமே அவர்களை விடுவித்துவிட்டாள். பெத்லகேம் குழந்தைகள் கொலையை மத்தேயு மட்டுமே சொல்கிறார், ஜோசிஃபஸ் சொல்லவில்லை. அது நடந்ததா என்று ஐயப்படும் ஆய்வாளர் பலர். நடிகருக்கு அந்த வழக்கு தேவையில்லை. பெற்ற மகன்களையே அரியணைக்காகக் கொன்றவன் ஊரான் பிள்ளைகளை விடுவானா என்பதே அவருக்குப் போதும்.

நம் கரைக்கென்றே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஏரோது துறைமுகம் கட்டியவன். அவன் அதைக் கட்டிய சேசரியாவில் இயற்கையாக ஒதுங்கிடம் ஏதுமில்லை. இத்தாலியிலிருந்து எரிமலைச் சாம்பல் வரவழைத்து, சுண்ணாம்போடு கலந்து, மரச் சட்டங்களுக்குள் கொட்டிக் கடலுக்கடியில் இறுகவைத்து அலைதடுப்புச் சுவர் எழுப்பினான். அந்தத் துறைமுகத்துக்குத் தன் எசமானன் அகஸ்துவின் பேரை வைத்தான். காட்டுப்பள்ளியிலும் எண்ணூரிலும் கடலுக்குள் நீளும் சுவர்களைத் தினமும் பார்க்கிற பிள்ளைகளுக்கு, கடலையே கட்டிப்போட்ட ஒருவன் ஒரு கைக்குழந்தைக்குப் பயந்தான் என்பது சட்டென்று புரியும். எந்த மரபின் ஏரோதும் மேடையில் துறைமுகத்தைப் பற்றிப் பேசி நான் பார்த்ததில்லை. இங்கே பேச வேண்டும்.

அடுத்த நாடகத்துக்கு எழுதுகிறவர்களிடம் மூன்று கேட்பேன். அவன் வரும்போது கட்டியம் சொல்லுங்கள், ராஜாவுக்குரிய மரியாதையோடு வரட்டும். ஞானிகள் போனபின் அவனுக்கு இரண்டு நிமிடம் தனிமை கொடுங்கள், துறைமுகமும் மரியம்னேயும் மகன்களும் அங்கே வரட்டும். ஆணையிட்டதும் அவனை உள்ளே அனுப்பிவிடாதீர்கள். பெத்லகேம் தாய்மாரின் ஒப்பாரி முடியும்வரை அவன் மேடையில் இருக்க வேண்டும். ஒப்பாரிக்குக் குப்பத்துப் பெரியம்மாக்களையே அழைத்துப் பாட வையுங்கள், ஒலிநாடா வேண்டாம். நேரம் போதவில்லையென்றால் வானதூதருக்கான புகையையும் வண்ண விளக்கையும் குறைத்துக்கொள்ளலாம்.