மெய்யெழுத்தும் பொய்யெழுத்தும்

தலையெழுத்து என்பது தமிழ் மக்கள் நாவில் நாளும் வழங்கும் சொல். பிரமன் ஒவ்வொருவர் தலையிலும் ஏதோ எழுதி விடுகின்றான். எழுதப்பட்டவன் அதனைப் படித்தறிதல் இயலாது. எனினும் அதன்வழியே வாழ்ந்து தீர்கின்றான் என்பது இச்சொல்லின் பின் நிற்கும் எண்ணம். தன் மேனியிலுள்ள எழுத்தைத் தானே படிக்க மாட்டாமையை நம் முன்னோர் மாந்தர்தம் துயரங்களுள் ஒன்றாகவே எண்ணினர் போலும். அந்நிலையை விரும்பி, விலையும் கொடுத்துப் பெற்றுக் கொள்வாரும் உளர் என்பதைக் கண்டி ஏரிக்கரையில் ஒரு மாலைப்பொழுதில் யான் நேரிற் கண்டேன்.

தலதா மாளிகையைப் பார்த்துவிட்டு மாணவர் சிலருடன் ஏரிக்கரை வழியே நடந்து வந்துகொண்டிருந்தேன். மேலைநாட்டு இளைஞர் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டு நின்றார். நாங்கள் பேசுவது தமிழா என வினவி, ஆம் என்றதும் பெருமகிழ்ச்சியுடன் சட்டைக் கையை மடித்துத் தம் முன்கையை நீட்டினார். அழகிய பெரிய எழுத்தில் அங்கே பச்சை குத்தப்பட்டிருந்தது, 'அனபு' என்று. அன்பு என்னும் சொல்லைத் தாங்க விரும்பியவருக்கு னகரத்தின் மேலுள்ள புள்ளி கிடைக்கவில்லை. எழுதினவர் புள்ளியை ஓர் அழுக்கென்றோ அணியென்றோ கருதி விடுத்தனர் போலும். என்ன பொருள் என்று அவர் கேட்டார். "இதற்குப் பொருளே இல்லை" என்று யான் ஆங்கிலத்திற் கூறினேன். மாணவர் சிரித்தனர். அவர் மெல்லச் சட்டைக் கையை இறக்கிவிட்டு, நன்றி கூறிச் சென்றார். அன்று தமிழறிவு வென்றதாகவே எண்ணி வீடு திரும்பினேன்.

அவ்வெண்ணம் சரியானதோ என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். முதற்கண் அவ்விளைஞர் போன்றாரின் செயலுக்கு எதிராகச் சொல்லத்தக்கவற்றைச் சொல்வோம். கோலம் வேறு, எழுத்து வேறு. கண்டிக்கு அண்மையிலுள்ள எம்பெக்கே தேவாலயத்து மரத்தூண்களிற் பின்னிய அன்னங்களும் இருதலைப் பறவையும் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றை ஒருவர் படிக்க வேண்டியதில்லை. கண்டு மகிழ்தலே போதும். மலையகத்து மூதாட்டியர் கைகளிற் காணும் புள்ளிக் கோலங்களும் அத்தன்மையனவே. கண்டி நாட்டுக் கைவினைகளை ஆராய்ந்து 1908ஆம் ஆண்டில் 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலை வெளியிட்ட ஆனந்த குமாரசுவாமி, நம் நாட்டு அணிவேலைகள் வெறும் அழகுக்காக எழுந்தனவல்ல, பொருளுடையன என்பதை வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தி வந்தார். அணிக்கே பொருள் வேண்டுமெனின், பொருளுக்காகவே பிறந்த எழுத்தை வெறும் அணியாக்குதல் எவ்வாறு தகும்? எழுத்து ஒலியைக் குறிப்பது, ஒலி சொல்லாவது, சொல் ஒருவர் மற்றொருவருக்குக் கூறுவது. கேட்பவரும் இன்றிச் சொல்பவரும் அறியாது நிற்கும் சொல், சொல்லெனப்படுமோ?

இக்குறை ஓரிளைஞருக்கு மட்டும் உரியதன்று. ஆங்கில உதைபந்தாட்ட வீரர் டேவிட் பெக்கம் 2000ஆம் ஆண்டிலே தம் மனைவியின் பெயரைத் தேவநாகரி எழுத்திற் கையிற் பொறித்துக் கொண்டபோது, அதில் எழுத்துப் பிழை நேர்ந்ததென உலகச் செய்தித்தாள்கள் எழுதின. சீன எழுத்தைப் பொறித்துக் கொண்ட மேலைநாட்டார் பலர் தாம் கருதியதொன்று, தோல் கூறுவதொன்று எனப் பின்னர் அறிந்து வருந்தியதும் உண்டு. தாளில் நேர்ந்த பிழையை அழிக்கலாம். பச்சை குத்தும் மையோ நாள்தோறும் உதிரும் மேற்றோலில் நில்லாது அதன் கீழுள்ள உட்டோலிற் சென்று தங்குவது. ஆகலின் அப்பிழை பெரும்பாலும் உடலோடு கூடவே முதுமை எய்தும்.

எனினும், படிக்க மாட்டாத எழுத்தைத் தாங்குவாரையெல்லாம் அறிவிலர் எனத் தள்ளிவிடல் ஆகாது. தாய்லாந்து நாட்டிலே முதுகிலும் மார்பிலும் இயந்திரம் பொறித்துக் கொள்ளும் வழக்கம் பழமையானது. அவ்வெழுத்துக் கெமர் எழுத்தின் ஒரு வகை. கெமர் எழுத்தோ காஞ்சிப் பல்லவர் காலத்து எழுத்தின் வழிவந்தது. ஆண்டு குறித்த கெமர்க் கல்வெட்டுக்களுள் மிகப் பழமையானது கி.பி. 611ஆம் ஆண்டுக்குரியது. எனவே, தாய்லாந்து மீனவர் ஒருவர் தாம் படித்தறியாமலே முதுகிற் சுமப்பது நம் தொண்டை நாட்டு எழுத்தின் பேரப்பிள்ளையை என்க. அவரை நோக்கி நகைப்பவர் தம் வீட்டைச் சற்றே நோக்குக. செப்புத் தகட்டிற் கிரந்த எழுத்துக்களைக் கீறித் தாயத்தாக்கி அரைஞாணிலே கட்டியிருக்கும் நம் குழந்தைகளுள் எத்தனை பேர் அவற்றைப் படிப்பர்? கட்டிய தாயார்தாம் படிப்பரோ? ஆனால் இவ்விரண்டிடத்தும் ஒன்று உண்டு. எழுதிய ஆசான் படிக்கத் தெரிந்தவர். மந்திரத்தை ஓதிக்கொண்டே எழுதுபவர். தாங்குபவர் எழுத்தை அறியாராயினும், அறிந்தாரை அறிவர். அவருடைய அறியாமை ஒரு நம்பிக்கையின் மேல் நிற்பது.

இதற்கு மறுதலையான கொடுமையும் வரலாற்றில் உண்டு. ஆங்கிலக் கும்பினியார் ஆட்சியிலே வங்காளத்தில் 1797ஆம் ஆண்டு விதியொன்றின்படி, குற்றவாளிகள் சிலருடைய நெற்றியில் அவர்தம் குற்றத்தைப் பச்சை குத்தினர். கோத்னா என வழங்கிய இத்தண்டனை 1849ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. ஒருவன் தன் நெற்றியைத் தான் காணான். கண்ணாடியிற் கண்டாலும் கல்லாதவன் படியான். காண்போர் அனைவரும் படிப்பர். தலையெழுத்தென்னும் சொல்லை இத்துணைக் கொடிதாக உண்மையாக்கிய ஆட்சி பிறிதொன்று உண்டோ?

மலையகத்து மக்கள் அறிந்த கொடுமை இதனினும் சற்று வேறுபட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அதன்பின் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும், 1964 ஒக்டோபர் 30இற் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கையின் கீழும், தாம் படித்தறிய மாட்டாத படிவங்களிற் பெருவிரலைப் பதித்தவர் மிகப் பலர். அவ்வுடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராகப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னொரு நாளைக்கென வைத்தது. பச்சை குத்துதல் எழுத்தை மெய்யிற் பதித்தல்; கைநாட்டோ மெய்யை எழுத்திற் பதித்தல். இரண்டினும் எது அழியாத வடுவை விட்டது என்பதை அம்மக்கள் அறிவர்.

இவ்வெண்ணங்களை யான் கொள்வதற்குக் காரணமாயிருந்த நிகழ்ச்சியை இனிக் கூறுவேன். ஏரிக்கரை நிகழ்ச்சிக்குச் சில திங்களின் பின், கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மாணவன் ஒருவன் வீட்டுக்குச் சென்றிருந்தேன். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டம் அவ்வட்டாரத்திலேதான் உள்ளது. தேநீர் கொண்டு வந்த பாட்டியின் இடக்கையில் நீலம் பாய்ந்த எழுத்துக்கள் சில தெரிந்தன. தோல் சுருங்கி மையும் பரந்திருந்தமையால் உற்று நோக்கினேன். 'அணணன' என்றிருந்தது.

"என்ன மாஸ்டர், படிக்க முடியுதுங்களா?" என்று அவர் கேட்டார்.

யான் வாய் திறக்குமுன் அவரே வலக்கை விரலை ஒவ்வோர் எழுத்தின் மேலும் வைத்து, "அண்-ணன்" என்று சொல்லிக் காட்டினார். அவர் பள்ளிக்கூட வாயிலை மிதித்தவரல்லர். கொழுந்து நிறுக்கும் இடத்திலே தம் பெயரும் படிக்கத் தெரியாதவர். எழுபதுகளிலே தமையனார் தலைமன்னாரிற் கப்பலேறும் முன்னர், கரித்துண்டினாற் சுவரில் அச்சொல்லை எழுதிக் காட்டினாராம். கோயில் திருவிழாவுக்கு வந்த பச்சை குத்துபவள் அதனைப் பார்த்துப் பார்த்துக் குத்தினாளாம். சில கடிதங்கள் வந்தன, பின்னர் வரவில்லை. "எனக்குத் தெரிஞ்ச எழுத்து இது ஒண்ணுதாங்க ஐயா" என்றார் அவ்வம்மையார்.

புள்ளிகள் அங்கும் இல்லை. ஏரிக்கரையில் ஒரு புள்ளி குறைந்ததற்கு நகைத்த யான், இங்கே இரண்டு புள்ளி குறைந்தும் தலைகுனிந்து நின்றேன். ஏன்? கிழவியார்பாற் கொண்ட இரக்கமே காரணம் என்று கூறுதல் எளிது. ஆனால் அஃது ஆராய்ச்சியாகாது. நம் ஏட்டுச் சுவடிகளை எடுத்து நோக்குக. அவற்றுட் பெரும்பாலனவற்றில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எழுத்தாணியாற் புள்ளி குத்தின் ஓலை கிழியும் என்பர். ஆயினும் சுவடிகள் பொய்யாகவில்லை. படிப்பவர் மொழியறிந்தவராதலின், இல்லாத புள்ளியைத் தம் அறிவினால் இட்டுக்கொண்டு படித்தனர். சுவடிப் பதிப்பென்னும் அரும்பணி இவ்வாறு புள்ளியிட்டுப் படித்ததன்மேல் எழுந்ததன்றோ? ஆகவே எழுத்தின் மெய்ம்மை எழுத்தில் மட்டும் இல்லை. அதனைப் படித்து நிறைவு செய்யும் ஒருவர் உண்டோ என்பதிலும் உள்ளது. பாட்டியின் கையெழுத்தைப் படிக்கப் பாட்டியே இருந்தார். இளைஞரின் கையெழுத்தைப் படிக்க அவர் யாரையும் பெற்றிருக்கவில்லை. முதன்முதலாக என்னைக் கேட்டார். அப்புள்ளியை அவருக்கு இட்டுக் கொடுக்கும் வாய்ப்பு எனக்கு வந்தது. யானோ அதனைச் சிரிப்புக்குக் கொடுத்துவிட்டேன்.

"இஃது அன்பு என்னும் சொல், ஒரு புள்ளி மட்டும் குறைகின்றது, இவ்விடத்தில் இடுவித்துக் கொள்ளுங்கள்" என்று யான் கூறியிருக்கலாம். ஒரு புள்ளியைச் சேர்ப்பது எளிய செயலே. 'பொருளே இல்லை' என்றது பிழை. பொருள் இருந்தது, அதனை யான் அறிந்தும் இருந்தேன். அங்கே பொய்யெழுத்து அவர் கையிலிருந்ததன்று, என் வாயிலிருந்து வந்தது.

படிப்பாருக்கும் கடமையுண்டு என்பதற்கு நம் நாட்டு நிகழ்ச்சியொன்று சான்றாகும். 2014ஆம் ஆண்டிலே புத்தர் உருவத்தைக் கையிற் பொறித்திருந்த ஆங்கிலப் பெண்மணி ஒருவர் கட்டுநாயக்க விமான நிலையத்திற் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். தாம் பௌத்த நெறியில் ஈடுபாடுடையவர் என்றும், மதிப்பினாலேயே அவ்வுருவைத் தாங்கியதாகவும் அவர் கூறினார். 2017ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன எனக் கண்டு நட்டஈடு வழங்கப் பணித்தது. உடலின் மேலுள்ள குறியைக் கண்டவுடன் அதனைத் தாங்கியவரின் உள்ளத்தையும் படித்துவிட்டதாக எண்ணுதல் எத்துணைப் பிழையானது என்பதை அத்தீர்ப்பு உணர்த்துகின்றது.

கண்டிக்குத் தென்மேற்கே இலங்காதிலக விகாரை ஒரு பாறையின் மேல் நிற்கின்றது. 1344ஆம் ஆண்டில் எழுந்த அவ்விகாரைக்கு அளித்த கொடைகள் அப்பாறையிலே சிங்களத்திலும் தமிழிலும் வெட்டப்பட்டுள்ளன. வெட்டுவித்தவர் இரு மொழியாளரும் அதனைப் படிக்க வேண்டுமென விரும்பினர். அதனால் இருவருக்கும் எழுதினர். அங்கே அயலெழுத்து அலங்காரமன்று. அயலாருக்குச் செய்த மரியாதை. இன்று நம் நகரத்து மும்மொழிப் பலகைகளிலே தமிழ் சிதைந்து காணப்படும்போது நாம் மனம் நோவது முறையே. அங்கும் நேர்ந்தது இதுவே: படிப்பார் ஒருவரைக் கேளாது எழுத்தை எழுத்தெனப் பாராமல் வடிவமென வரைந்துவிட்டனர்.

முடிவாகச் சில கூறுவேன். படிக்கத் தெரியாத எழுத்தைத் தாங்குதல் தன்னளவிற் குற்றமன்று. நம்முள் யாரும் எல்லா எழுத்தும் கற்றவரல்லர். படிக்கத் தெரிந்தாரைத் தேடாமையே குற்றம். தேடி வந்தாரைப் படிக்கத் தெரிந்தவர் நகைத்து அனுப்புதல் அதனினும் பெரிய குற்றம். மெய்யெழுத்துத் தானே இயங்காது, உயிரோடு கூடியே இயங்கும் என்று இலக்கண வகுப்பிலே ஆண்டுதோறும் கற்பிக்கின்றோம். மெய்யில் எழுதிய எழுத்துக்கும் அவ்விதி பொருந்தும். அதற்கு உயிராவது, அதனை அன்போடு படிக்கும் மற்றொருவரே.

அவ்விளைஞர் இப்பொழுது எந்நாட்டில் உள்ளாரோ அறியேன். அவர் கையிலுள்ள சொல்லை எவரேனும் ஒரு தமிழர் மீண்டும் காண நேரின், என்பொருட்டு அந்தப் புள்ளியை இட்டுப் படித்துக் காட்டுவாராக.