பெட்டியில் போட்ட கிலோவும் முக்காலியின் நடுக்கமும்

கனமான தொலைநோக்கிக்கு என்ன ட்ரைபாட் வாங்கலாம் என்று தேடினால் கிடைக்கும் விமர்சனங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. பெட்டியைப் பிரிப்பார்கள், காலை நீட்டுவார்கள், "15 கிலோ தாங்கும்" என்பார்கள். கொஞ்சம் துணிச்சலான ஆள் அதைப் பிடித்துத் தொங்கியே காட்டுவார். ட்ரைபாட் உடையாது. சரி, நம்மில் யாருடைய ட்ரைபாட் பாரம் தாங்காமல் உடைந்து விழுந்தது? அது ஆடும். அதுதான் தொல்லை. அந்த ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேச்சே இருக்காது.

இந்த வீடியோக்களில் பாதிக்கு மேல் அமெரிக்க வேட்டைக்காரர்களுக்காகச் செய்தவை. நம் ஊரில் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1991 திருத்தம் மிச்சமிருந்த சந்துகளையும் ஏறக்குறைய அடைத்தது. வேட்டை முடிந்த கதை. ஆனால் அவர்கள் மலைச்சரிவில் உட்கார்ந்து மணிக்கணக்கில் மானைத் தேடும் அதே 15x56 பைனாகுலரும், 95 மி.மீ. ஸ்பாட்டிங் ஸ்கோப்பும்தான் மாத்தூரிலிருந்து மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போகிற பறவை ஆர்வலர் தோளிலும் தொங்குகிறது. ஸ்கோப் மட்டுமே ஏறத்தாழ 2 கிலோ. ஆகவே வேட்டைச் சந்தைக்கு வரும் தடித்த கால் ட்ரைபாட் நமக்கும் பொருந்தும். விமர்சனத்தைத்தான் கொஞ்சம் உஷாராகப் படிக்கணும்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. சாதாரணக் கண் சுமார் ஒரு கலை அளவு வித்தியாசத்தைப் பிரித்தறியும். 60 மடங்கு பெருக்கும் ஸ்கோப்பில் ட்ரைபாட் ஒரே ஒரு விகலை ஆடினாலே அது கண்ணுக்கு ஒரு கலையாகத் தெரிந்துவிடும். 300 மீட்டரில் ஒரு விகலை என்பது ஒன்றரை மி.மீ. கோடியக்கரையில் பி.என்.எச்.எஸ். பல ஆண்டுகளாகக் கரைப்பறவைகளின் காலில் வளையமும் கொடியும் மாட்டி வருகிறது. அப்படி ஒரு கொடியில் எழுத்து இருந்தால் அதன் உயரம் சில மி.மீ.தான். மூன்று விகலை ஆட்டம் போதும், எழுத்து அழிந்துபோகும். 15 கிலோ தாங்குமா என்ற கேள்விக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அந்தக் கிலோ எண்ணுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்வது. இதை ஏன் ஒரு விமர்சகரும் கேட்பதில்லை என்பது எனக்கு எரிச்சல். ஏனென்றால் பக்கத்து வீட்டிலேயே அளவுகோல் இருக்கிறது. ரோட்டோரம் சர்வேயர்கள் வைத்திருக்கிறார்களே, மஞ்சள் மரக்கால் ட்ரைபாட், அதற்கு ஐ.எஸ்.ஓ. 12858 என்று ஒரு தரம் உண்டு. கருவியின் எடையைப் போல் இரண்டு மடங்கு ஏற்றினாலும் தலை 0.05 மி.மீ.க்கு மேல் இறங்கக்கூடாது. முறுக்கிவிட்டால் கனவகை 3 விகலைக்குள்ளும், இலேசுவகை 10 விகலைக்குள்ளும் பழைய இடத்துக்குத் திரும்பணும். இது காற்றில் ஆடும் ஆட்டத்தை அளப்பதல்ல, வேறு சோதனை. ஆனாலும் "எத்தனை விகலை?" என்று கேட்கத் தெரிந்திருக்கிறது, பாருங்கள். கேமரா உலகத்துக்கு அது இன்னும் வரவில்லை.

சர்வே ஆட்களுக்கு இந்த ஞானம் சும்மா வரவில்லை. 1802-இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய லாம்டனின் தியோடலைட் அரை டன் எடை. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி வட்டம் நெளிந்துவிட்டது. அவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து நெளிவெடுத்தார். பிறகு எவரெஸ்ட் கங்கைச் சமவெளியில் கட்டிய கோபுரங்களில் கருவி நிற்கும் தூண் தனி, ஆள் நிற்கும் தளம் தனி. ஆளின் காலடி அதிர்வு கருவிக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான். பழவேற்காட்டில் மரப்பலகை மேடையில் ட்ரைபாடை வைத்துவிட்டு நண்பர்கள் சுற்றி நடக்கும்போதெல்லாம் எனக்கு எவரெஸ்ட் ஞாபகம்தான். தரையில் வையுங்கப்பா.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? குழாயின் விட்டம். சுவர்த் தடிமன் ஒன்றாகவே இருந்தால் விறைப்பு விட்டத்தின் முப்படியில் ஏறும்: 22 மி.மீ. குழாயைவிட 28 மி.மீ. குழாய் சுமார் இரண்டு மடங்கு விறைப்பு. விளம்பரத்தில் சொல்வது மேல் குழாயின் அளவு; நீங்கள் கடைசிக் குழாயை அளக்கணும், ஆட்டம் அங்கேதான் தொடங்குகிறது. நான்கு துண்டுக் காலைவிட மூன்று துண்டுக் கால் மேல், பையில் நீளமாகத் துருத்திக்கொண்டிருந்தாலும். நடுத்தண்டு இல்லாததே நல்லது. மூன்று கால் போட்டு நிறுத்திய ஒன்றின் மேல் ஒற்றைக் கம்பு நட்டு 2 கிலோவை வைப்பது என்ன பொறியியலோ! சாய்ந்த கண்வில்லை உள்ள ஸ்கோப் வாங்கினால் குனிந்து பார்க்கலாம், உயரமே தேவைப்படாது. தலைக்கு வீடியோ தலைதான். பந்துத் தலையில் கனமான ஸ்கோப் பூட்டைத் தளர்த்தியதும் முன்பக்கம் கவிழப் பார்க்கும்.

கார்பனா அலுமினியமா என்ற பட்டிமன்றத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்க மனசில்லை. அதிர்வு கார்பனில் சீக்கிரம் அடங்கும், விலை கூடுதல். மரம் இன்னும் நன்றாக அடக்கும், யார் சுமப்பது?

கடையில் விற்பவரிடம் கேட்காதீர்கள், நீங்களே சோதியுங்கள். என் மொட்டைமாடியிலிருந்து மணலிப் பக்கம் ஒரு புகைபோக்கி உச்சியின் சிவப்பு விளக்கு தெரியும். இருட்டியபின் அதிகபட்சப் பெருக்கத்தில் அதைப் பிடித்து, காலை விரலால் ஒரு சுண்டு சுண்டி, கண்வில்லையில் போனை வைத்து ஸ்லோ மோஷனில் எடுத்தால், விளக்கு கோடாக இழுபட்டு மறுபடி புள்ளியாக எத்தனை பிரேம் ஆகிறது என்று எண்ணிவிடலாம். நடுத்தண்டை ஏற்றி ஒரு தரம், இறக்கி ஒரு தரம் எடுங்கள், விஷயம் விளங்கிவிடும். பகலில் செய்யாதீர்கள். வெயில் ஏறியபின் காற்றே நெளியும், அந்தப் பழியை ட்ரைபாட் மேல் போடக்கூடாது.

இவ்வளவு மெனக்கெடணுமா என்று கேட்பவர்களுக்கு: எண்ணூர் கழிமுகம் தொடங்கிப் பழவேற்காடு வரை எந்தத் திட்டம் வந்தாலும் அறிக்கையில் ஒரு பறவைப் பட்டியல் இருக்கும், எதிர்த்துப் பேசுகிறவர்கள் கையிலும் ஒன்று இருக்கும். இரண்டு வகை மணல் உப்புக்கொத்திகளையும் அலகு நீளத்தையும் கால் நிறத்தையும் வைத்துத்தான் பிரிக்கணும். ஆடும் ஸ்கோப்பில் பார்த்து எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மொத்தப் பட்டியலையும் தள்ளிவிட எதிர்த்தரப்புக்கு ரொம்ப நேரம் பிடிக்காது.

கடைசியாக, காற்றடித்தால் பையைக் கொக்கியில் தொங்கவிடச் சொல்வார்கள். தொங்கும் பை ஊஞ்சலாடும், ட்ரைபாடையும் சேர்த்து ஆட்டும். பையின் அடி தரையில் படும்படி கயிற்றை நீட்டிக் கட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் கால்களை முழுசாக நீட்டி நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். உப்பும் மணலும் பூட்டுக்குள் போனால் திருகும்போதே நறநறவென்று சொல்லிவிடும்.