இழுத்த கையும் ஓடும் எலியும்

பூனைக்குட்டி கடித்தால் அடிக்காதீர்கள், கையை எடுத்துக்கொண்டு பொம்மையைக் கொடுங்கள். இன்று கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வழி இதுதான். சரியான வழி என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அது எதுவரை செல்லும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

மூக்கில் சுண்டுவது, முகத்தில் தண்ணீர் பீச்சுவது போன்ற பழைய கைவைத்தியங்களிலும் கடி நிற்கும், அந்த நேரத்துக்கு. குட்டியின் மனதில் பதிவதோ இந்தக் கை ஆபத்தானது என்பதுதான். பயந்த குட்டி ஒளிந்துகொள்ளும். ஒளிய வழியில்லாவிட்டால் இன்னும் ஆழமாகக் கடிக்கும். பொம்மை முறையில் அந்தக் கெடுதல் இல்லை. விளையாட்டுக் கடி என்பது வேட்டைப் பயிற்சி. கண்மணி விரியும், வால் நுனி துடிக்கும். அடுத்த கணம் முன்கால்களால் மணிக்கட்டைக் கட்டிக்கொண்டு பின்கால்களால் உதைக்கும். அப்போது வெடுக்கென்று இழுக்கிற கை, தப்பி ஓடும் எலிதான், பிடி இறுகும். அசையாமல் வைத்திருந்தால் பெரும்பாலும் தளர்ந்துவிடும். அதற்குப் பிறகு பொம்மையை நீட்டினால்தான் பலன்.

எந்தப் பொம்மை என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். உள்ளங்கையில் அடங்குகிற பொம்மை பல்லை மறுபடி விரலுக்கே கொண்டுவருகிறது. லேசர் புள்ளியை எத்தனை முறை பாய்ந்தாலும் பிடிக்க முடியாது. குச்சியில் கட்டிய இறகு நல்லது, விளையாடி முடிந்ததும் எடுத்து வைத்தால். பூனை நாக்கின் முட்கள் உள்நோக்கிச் சாய்ந்தவை. வாய்க்குள் போன நூலைத் துப்புவது கடினம். அது குடலைச் சுருக்கி அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும்.

பொம்மை முறையின் பெரிய குறை வேறு. எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி உடன்பிறப்புகளிடம் கற்கிறது. ஒன்று பலமாகக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். கண் திறந்து தட்டில் பால் நக்கிக் குடிக்கத் தெரிந்ததுமே தனியாகத் தூக்கி வந்த குட்டிக்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை. 2017இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வு, 8 வாரத்துக்கு முன்பே பால் மறக்கடிக்கப்பட்ட பூனைகளிடம் மூர்க்கம் கூடுதல் என்றது. வளர்ப்போர் சொன்ன பதில்களை வைத்துச் செய்த ஆய்வு. காரணம் இதுவேதான் என்று நிரூபிக்காது. என்றாலும், குட்டியை 12 வாரம் தாயிடம் விட்டுவைப்பது எந்தப் பொம்மையையும்விட மலிவான தடுப்பு.

தடுப்பூசி போடாத குட்டியின் பல் தோலில் பட்டுவிட்டால் பேச்சு பயிற்சியைப் பற்றியதல்ல. சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ரேபிஸ் ஊசிக்குப் போக வேண்டும்.

மெல்லும் பழக்கத்தில் பொம்மை முறை இன்னும் பலவீனம். 3, 4 மாதத்தில் 26 பால்பற்களும் விழத் தொடங்கி, 7 மாதத்துக்குள் 30 நிலைப்பற்கள் வந்துவிடும். ஈறு நமைக்கிற அந்தக் காலத்தில் சார்ஜர் வயரை மறைத்து வைப்பதே வேலை. பக்கத்தில் பொம்மை கிடக்கிறது என்று குட்டி வயரை விட்டுவிடாது. பல் முளைத்து முடிந்த பிறகும் கம்பளியை மென்று விழுங்குகிற பூனைகள் உண்டு, சயாமீஸ் இனத்தில் கூடுதலாக. அவற்றுக்கு இன்னொரு பொம்மை வாங்குவதைவிட மருத்துவரிடம் காட்டுவதுதான் முறை.