ஒரே அழுத்தம், ஒரே பிடிப்பு

பிசான அறுவடை முடிந்த கையோடு தாமிரபரணிக் கரை ஊர்களில் தார்ச்சாலையே களமாகிவிடும். முக்கூடலிலிருந்து பாப்பாக்குடி, அம்பாசமுத்திரம் பக்கம் போகிறவர்கள் ஒரு பாதியில் நெல்லும் மறுபாதியில் வைக்கோலும் கிடக்கும் சாலையில் ஓட்டிப் பழகியவர்கள். வைக்கோல்மேல் பின் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் சறுக்கும் என்று தெரிந்தவர் அந்த இடத்தில் லீவரைத் தொடவே மாட்டார். பேட்டரி வண்டியிலோ லீவரைத் தொடாமலே பிரேக் பிடிக்கும். ஆக்சிலேட்டரை விட்டதுமே மோட்டார் பின் சக்கரத்தை இழுக்கத் தொடங்கிவிடும். பெட்ரோல் ஸ்கூட்டரிலும் என்ஜின் கொஞ்சம் இழுக்கும்தான். ஆனால் அந்த இழுப்பு இன்றும் நாளையும் ஒன்றுபோல இருக்கும். மின்சார வண்டியில் அதை முடிவு செய்வது ஒரு மென்பொருள்.

மோட்டாரின் இந்த இழுப்பைத்தான் ரீஜென் என்கிறார்கள். 1944 முதல் பாபநாசத்தில் ஆற்று நீர் சுழலியைச் சுற்றி மின்சாரம் தருவதைப் போல, இங்கே ஓடுகிற சக்கரம் மோட்டாரைச் சுற்றி மின்சாரம் தருகிறது. அப்போது மோட்டார் காட்டும் எதிர்ப்பு வண்டியின் வேகத்தைக் குறைக்கிறது. மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிறது.

எவ்வளவு திரும்புகிறது? வண்டியும் இரண்டு பேருமாக 240 கிலோ, வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த ஓட்டத்தில் இருக்கும் ஆற்றல் சுமார் 23,000 ஜூல். ஒரு யூனிட் மின்சாரத்தில் 150-இல் ஒரு பங்குதான். அதையும் முழுதாகப் பிடிக்க முடியாது. சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் சென்னையில் துளித்துளியாகச் சேரும். முக்கூடல் – ஆலங்குளம் போன்ற திறந்த சாலையில் நிறுத்தம் குறைவு, லாபமும் குறைவு. போச்சம்பள்ளியில் ஸ்கூட்டர் தயாரிக்கும் ஓலா, 2025 ஜனவரியில் அறிமுகம் செய்த மூன்றாம் தலைமுறை வண்டிகளில் லீவரின் அழுத்தத்தை சென்சாரால் அறிந்து மோட்டாருக்கும் பிரேக் பேடுக்கும் பங்கிடும் முறையைக் கொண்டுவந்தது. ஓடும் தூரம் 15 சதவீதம் கூடும், பேட் இரண்டு மடங்கு உழைக்கும் என்பது அந்த நிறுவனத்தின் கூற்று. எந்தச் சாலையில் என்பதைப் பொறுத்தே அந்த 15-ஐ நம்ப வேண்டும். பேட் கூடுதலாக உழைக்கும் என்பதில் சந்தேகமில்லை.

பாராட்ட வேண்டியது வேறொன்று உண்டு: அதை அளக்க முடிவது. மோட்டாரின் இழுவிசை அதில் ஓடும் மின்னோட்டத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். மின்னோட்டத்தை அளந்தால் பிரேக்கின் விசையும் தெரிந்துவிடும். டிஸ்க் பிரேக்கில் அப்படி இல்லை. குழாயில் எண்ணெயின் அழுத்தத்தை அளக்கலாம். ஆனால் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் உராய்வு எவ்வளவு என்பது சூடு, ஈரம், தேய்மானம் எல்லாவற்றையும் பொறுத்தது. மழையில் நனைந்த டிஸ்க்கில் முதல் பிடி பலமில்லாமல் போவது ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். சக்கரம் சறுக்கத் தொடங்குவதை வேக சென்சார் சொன்னால், எண்ணெய் வால்வைவிட விரைவாக மோட்டாரால் பிடியைத் தளர்த்த முடியும். வைக்கோல் சாலைக்கு இது பெரிய வரம். ஆனால் அதற்கான சென்சாரும் மென்பொருளும் வண்டியில் இருந்தால்தான். விலை குறைந்த வண்டிகள் பலவற்றில் லீவரில் இருப்பது வெறும் சுவிட்ச்: தொட்டாயா, இல்லையா என்று மட்டும் அதற்குத் தெரியும்.

குறை தொடங்குவது மோட்டாருக்கும் பேடுக்கும் பங்கிடும் இடத்தில். பேட்டரி முழுதாக நிறைந்திருந்தால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமில்லை. ரீஜென் குறையும், சில வண்டிகளில் நின்றே போகும். இரவெல்லாம் சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் புறப்படுகிறவருக்கு முதல் சில கிலோமீட்டரில் ஒரு பிடிப்பு, பிறகு வேறு பிடிப்பு. பேட்டரி அதிகம் சூடானாலும் இதே கதைதான். வேகம் நடை அளவுக்கு இறங்கினால் மோட்டாரின் பிடி கரைந்துவிடும். அந்தக் கடைசி சில மீட்டரை பேடிடம் சிந்தாமல் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைப்பது எளிதல்ல என்பதை டொயோட்டாவே அனுபவித்தது. 2010 பிப்ரவரியில், மேடு பள்ளமும் வழுக்கலுமான சாலையில் பிரேக் நொடி நேரம் நழுவுவதாகப் புகார் எழுந்ததால், பிரியஸ் உள்ளிட்ட நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹைப்ரிட் கார்களைத் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றியது.

ரீஜெனை மட்டும் நம்பி நிறுத்தவும் முடியாது. வினாடிக்கு வினாடி 1.2 மீட்டர் என்ற அளவில் வேகத்தைக் குறைக்கும் ரீஜென், 50 கிலோமீட்டர் வேக வண்டியை நிறுத்த 80 மீட்டர் எடுக்கும். நன்றாகப் பிடிக்கும் உராய்வு பிரேக்குக்கு 16 மீட்டர் போதும். குறுக்கே ஆடு ஓடும்போது கைக்கு வேண்டியது அந்த 16 மீட்டர். மாதக்கணக்கில் வேலையில்லாமல் கிடந்த டிஸ்க்கில் துரு ஏறியிருந்தால்? இந்தக் கவலையால்தான் ஃபோக்ஸ்வாகன் தன் ஐடி.3 மின்சாரக் காரின் பின் சக்கரத்துக்கு மூடிய டிரம் பிரேக்கை வைத்தது. இங்கே பேட் தேயவில்லை என்பதாலேயே அதை யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. ஊர் மெக்கானிக் கேபிளை இறுக்குவார், டிரம்மைச் சுத்தம் செய்வார். சென்சாரைச் சரிபார்க்கும் கருவி அவரிடம் இல்லை.

விதிகள் மெதுவாக வருகின்றன. முன்பின் பிரேக்கை இணைக்கும் முறையோ, சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸோ இருக்க வேண்டும் என்பது 2019 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளுக்குக் கட்டாயம். புதிய இருசக்கர வண்டிகளுக்கு ஏபிஎஸ்தான் வேண்டும் என்ற வரைவு 2025-இல் வந்தது. ஐ.நா.வின் கார் பிரேக் விதி, ரீஜென் ஓரளவுக்கு மேல் வேகத்தைக் குறைத்தால் பின் சிவப்பு விளக்கு எரிந்தே ஆக வேண்டும் என்கிறது. லீவரைத் தொடாமல் வேகம் குறையும் ஸ்கூட்டருக்குப் பின்னால் மணல் லாரி வரும் ஊரில் இது சின்ன விஷயமல்ல.

ரீஜென் நல்ல தொழில்நுட்பம். அதை ஆக்சிலேட்டரை விடுவதோடு கட்டிப்போடாமல், லீவரின் அழுத்தத்தோடு இணைத்து, மோட்டார் விட்ட குறையை அதே நொடியில் பேட் நிரப்பும்படி செய்த வண்டியே வாங்கத் தகுந்தது. வாங்கப் போகிறவர் ஷோரூமில் ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதோடு நிற்காமல், பேட்டரி நிறைந்த வண்டியையும் பாதி இறங்கிய வண்டியையும் ஒரே வேகத்தில் ஓட்டி, ஒரே அழுத்தத்தில் பிரேக் பிடித்துப் பார்க்கட்டும். இரண்டும் ஒரே தூரத்தில் நிற்காவிட்டால் அந்த வண்டி வேண்டாம்.