மனையுறை கோழியும் வீட்டுமனையும்: தொண்டை நாட்டிலிருந்து ஒரு வாசிப்பு

சங்க இலக்கியத்தில் இடம்பெறும் விலங்குகள், பறவைகள் பற்றித் தமிழாய்வுலகில் எழுதப்பட்டவை மிகப் பல. பாடல்களில் வரும் உயிர் இன்ன இனத்தது என உறுதிசெய்யும் அடிப்படைப் பணியை பி. எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’, ‘சங்க இலக்கியத்தில் விலங்கின விளக்கம்’ ஆகிய நூல்கள் நிறைவேற்றின. அவற்றின் வழிவந்த ஆய்வேடுகள் பல அப்பணியைப் பட்டியலாகச் சுருக்கிக்கொண்டன. இன்ன திணைக்கு இன்ன பறவை, இத்தனை இடங்களில் ஆட்சி என்பதோடு அவை நின்றுவிடுகின்றன. அப்பட்டியல்களில் எளிதாகக் கடந்து செல்லப்படும் உயிர் வீட்டுக்கோழி. அது அரிய பறவையன்று என்பது ஒரு காரணம். கருப்பொருள் என்னும் சட்டகத்துக்குள் அது அடங்குவதில்லை என்பது அதனினும் வலுவான காரணம்.

நம்பியகப்பொருள் முல்லைக்குக் கானக்கோழியையும் மருதத்துக்கு நீர்க்கோழியையும் வகுத்துத் தருகிறது. மனையில் வாழும் கோழிக்கு அங்கு இடமில்லை. அதே வேளையில், தொல்காப்பிய மரபியல் பெண்கோழிக்குத் தனிக் கவனம் தருகிறது. ‘அளகு’ என்னும் பெண்பாற்பெயர் கோழிக்கும் கூகைக்கும் அன்றிப் பிறவற்றுக்கு ஆகாது என வரையறுக்கிறது. திணையிலக்கணம் கைவிட்டதைச் சொல்லிலக்கணம் காத்து வைத்திருக்கிறது என்று கூறலாம். எனவே வீட்டுக்கோழியைத் திணையின் வழியே தேடுவதைவிட, புலவர்கள் அதற்குத் தந்த அடைமொழியாகிய ‘மனையுறை’ என்பதன் வழியே தேடுவது பயன்தரும். குறுந்தொகை 46 ஆம் பாடலில் மாமலாடனார் இதே அடைமொழியை ஊர்க்குருவிக்குத் தருகிறார். குருவி எவருக்கும் உடைமையன்று, கோழி உடைமை. இருப்பினும் இரண்டும் மனையில் உறைவன. உறைதல் என்னும் வினையே அவற்றை மனையோடு பிணைக்கிறது. இன்று வழங்கும் ‘செல்லப்பிராணி’ என்னும் சொல்லுக்குள் இந்தப் பொருள் இல்லை. அச்சொல் வளர்ப்பவரின் அன்பைக் குறிக்கிறதேயன்றி, உயிரின் வாழ்வைக் குறிப்பதில்லை.

இவ்வகை வாசிப்புக்கு மிக வளமான பனுவல் பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் அது, தாம்பரமும் அதனைச் சூழ்ந்த ஏரிக்கரை ஊர்களும் அடங்கிய தொண்டை நாட்டின் குடியிருப்புகளை ஒவ்வொன்றாகக் கடந்து செல்கிறது. பாணன் உழவர் குடியிருப்பை அடையும்போது, வெண்ணெல் சோற்றோடு மனையில் வாழும் அளகின் பொரியலும் கிடைக்கும் என்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். மரபியல் வரையறுத்த அதே சொல் இங்கு ஆளப்படுகிறது. சில அடிகள் கடந்து மறையோர் உறையும் ஊர் வருகிறது. பந்தலில் கன்று கட்டியிருக்கிறது. தரை சாணத்தால் மெழுகப்பட்டிருக்கிறது. கிளி மறையோசையைப் பயில்கிறது. அங்கு மனையுறை கோழியும் நாயும் நெருங்குவதில்லை.

உரைமரபு இவ்விடத்தை அம்மனைகளின் தூய்மைக்குச் சான்றாகவே விளக்கி வந்துள்ளது. அவ்விளக்கம் பிழையன்று, ஆயினும் பாதியளவே. புலவர் விலங்குகளைக் கொண்டே மனைகளை வேறுபடுத்திக் காட்டுகிறார். இரு மனைகளிலும் உயிர்கள் உள்ளன. எவ்வுயிர் உள்ளே வரலாம், எது வரலாகாது என்பதே வேறுபாடு. கன்றும் கிளியும் உள்ளே. கோழியும் நாயும் வெளியே. நெருங்குவதில்லை என்னும் எதிர்மறை வினை, நெருங்கும் மனைகள் பிற இடங்களில் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறது. குலத்தின் பெயரைக் காட்டிலும் முற்றத்தில் மேயும் உயிரைக் கொண்டு ஒரு தெருவை அடையாளம் காட்டும் இந்த உத்தி, சமூக வரலாற்று ஆய்வாளர் கவனத்துக்கு உரியது.

இதே புலவர் பாடிய பட்டினப்பாலையில் கோழி மீண்டும் வருகிறது. முற்றத்தில் உலரும் உணவைத் தின்னவரும் கோழியை விரட்ட மகளிர் தம் காதிலிருந்த கனத்த குழையைக் கழற்றி எறிகின்றனர். அது சிறுவர் உருட்டும் முக்காற் சிறுதேரின் வழியைத் தடுக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வச் செழிப்புக்கு எடுத்துக்காட்டாக மேடைதோறும் சொல்லப்படும் காட்சி இது. குழையின் மீது வைத்த கண்ணை எடுத்து உலரும் நெல்லின் மீது வைத்தால் வேறொன்று புலப்படும். உலர்த்துதல், காவல் காத்தல், குழந்தைகளைப் பார்த்தல், கோழியை ஓட்டுதல் என அந்த முற்றத்தில் நடப்பவை யாவும் பெண்களைச் சூழ்ந்த வேலைகளே. கோழி வீட்டுக்குரியது; வீட்டு நெல்லைத் திருடுவதும் அதுவே. மாமலாடனாரின் குருவியும் முற்றத்தில் உலரும் தானியத்தையே தின்கிறது. அதை எவரும் விரட்டியதாகப் பாடல் கூறவில்லை.

ஒக்கூர் மாசாத்தியாரின் குறுந்தொகை 139 ஆம் பாடல் உவமைச் சிறப்புக்காகப் பெரிதும் பேசப்படுகிறது. மாலை நேரத்தில் வேலியோரம் வெருகினம் வந்துவிட, குறுங்கால் பேடை புகுமிடம் அறியாது தன் பிள்ளைகளைக் கூவி அழைக்கிறது. பரத்தையிடமிருந்து மீளும் தலைவனுக்கு வாயில் மறுக்கும் தோழி, அவனால் எழும் அலருக்கு அக்கூவலை உவமையாக்குகிறாள். உவமை எனப் பெயரிட்டதும் ஆய்வு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஆனால் மாலையில் கோழியை அடைக்கத் தாமதித்தால் என்ன நேரும் என்பதை அறிந்தவரே இவ்வுவமையை அமைக்க முடியும். புகுமிடம் அறியாமை என்பது கூடு திறக்கப்படாத ஒரு பொழுதின் நுட்பமான குறிப்பாகவும் இருக்கலாம். பேடையின் கால்கள் குட்டையானவை என்பதைக் கூடக் கண்ட கண் அது.

கோழியினத்தில் புகழ் பெற்றதோ சேவல். செங்கற்பட்டு வட்டாரத்து இந்தளூரிலும் விழுப்புரம் பகுதி அரசலாபுரத்திலும் போரில் மாண்ட சேவல்களுக்குப் பெயர் பொறித்து நடுகல் எடுத்திருக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்ப் பல்லவர்கால நடுகல்லில், தலைவன் மாண்ட பின்னும் கள்வரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாய்க்குச் சிற்பமும் எழுத்தும் உண்டு. தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் பசுவின் பெயரால் வழங்கும் தேனுபுரீசுவரர்க்குச் சோழர்காலக் கோயிலே உள்ளது. இக்காலத்திலும் ம. தவசியின் ‘சேவல்கட்டு’ நாவல் 2011 இல் சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் பெற்றது. அதே ஆண்டில் ‘ஆடுகளம்’ வெளியானது. சேவல் ஆடவர் களத்துக்கு உரியது. அதற்குப் பார்வையாளர் உண்டு. பெட்டைக்கோழியின் களம் புறக்கடை. 21 நாள் அடை, பருந்துக்கும் கீரிக்கும் காவல், அந்தியில் பஞ்சாரம் கவிழ்த்தல், கோடையில் வெள்ளைக்கழிச்சல் என அதன் வாழ்வு கழிகிறது. நாட்டுக்கோழி ஆண்டுக்கு இடும் 60 முதல் 80 வரையிலான முட்டைகள் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கைக்காசு. கோழி இல்லாதவள் பிறரிடம் வாரத்துக்கு வாங்கி வளர்த்துக் குஞ்சுகளைப் பங்கிட்டுக்கொள்வாள். இப்பொருளியலுக்கு நடுகல் இல்லை, ஆய்வேடும் அரிது.

தென்சென்னைப் புறநகரில் இவ்வாழ்வு இன்னும் முற்றாக மறையவில்லை. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியானபோது பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் மாடம்பாக்கம், சிட்லபாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலைப் பேரூராட்சிகளும் அதனுள் அடங்கின. அப்போது சேராத முடிச்சூரும் அகரம்தென்னும் ஊராட்சிகளாக நின்றன. இந்த எல்லைக்கோடு வெறும் நிருவாகக் கோடன்று. 2011 இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டம் கிராம ஊராட்சிகளில் வாழும் வறிய பெண்களுக்கு உரியதாக இருந்தது. அடுத்தடுத்த ஊர்களான மாடம்பாக்கத்துக்கும் அகரம்தென்னுக்கும் நடுவே, ஒரே வாழ்க்கை வாழ்ந்த இரு பெண்களில் ஒருத்தி மட்டுமே அரசின் கணக்கில் கால்நடை வளர்ப்பவள் ஆனாள்.

இங்கே ‘மனை’ என்னும் சொல்லின் பொருளும் மாறிவிட்டது. சாலையோரப் பலகைகள் விற்பனைக்கு அறிவிக்கும் ‘வீட்டுமனை’ என்பது கல் நட்டு அளந்த வெற்று நிலம். இன்னும் எவரும் உறையாத இடம். ஆயினும் கட்டடம் எழும்வரை அதில் மேய்பவை அண்டை வீட்டுக் கோழிகளே. காலிமனை நிறைய நிறையக் கோழியின் மேய்ச்சல் குறைகிறது. தீவனம் விலைக்கு வாங்க வேண்டியதாகிறது. வாங்கியபின் முட்டையில் மிஞ்சுவது சொற்பம். சட்டம் எதுவும் தடுக்காமலேயே கோழி வளர்ப்பு நின்றுபோவது இவ்வாறுதான்.

இந்த மாற்றத்தைப் புனைவில் அணுகியவர் பெருமாள்முருகன். ‘ஏறுவெயில்’ (1991) குடியிருப்பு எழுவதற்காக நிலத்தை இழக்கும் உழவர் குடும்பத்தைப் பற்றியது. அது கொங்கு நாட்டுக் கதையாயினும், நிலம் மனையாவதன் விளைவை ஒரு வீட்டுக்குள்ளிருந்து காட்டுவதால் தாம்பரத்துக்கும் பொருந்தும். ‘பூனாச்சி’ (2016) வெள்ளாட்டையே மையமாக்கியது. அதனை அரசியல் உருவகமாக வாசித்த விமரிசனங்கள் மிகுதி. கிழவி ஒருத்தி ஆட்டுக்குட்டியைப் பிழைக்கவைக்கப் படும் பாடு அவ்வாசிப்புகளில் பின்னுக்குத் தள்ளப்பட்டது. சங்கப் பாடலில் உவமை என்று சொல்லிக் கோழியைக் கடந்த அதே பழக்கம், இங்கே உருவகம் என்று சொல்லி ஆட்டைக் கடக்கிறது.

புறநகரின் புதிய அடுக்ககங்களில் நாய்க்கு இடம் கிடைத்துவிட்டது. குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு நாய்களைத் தடைசெய்யலாகாது என இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. பெரும்பாணாற்றுப்படையில் கோழியோடு ஒரே அடியில் வெளியே நிறுத்தப்பட்ட நாய் இப்போது கிளியின் பக்கம் சேர்ந்துகொண்டது. கோழி நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதன்மீது எழும் முறையீடுகளுள் விடியற்காலைக் கூவலும் ஒன்று. குறுந்தொகை 107 இல் மதுரைக் கண்ணனாரின் தலைவியும் துயில் எழுப்பிய சேவலைச் சபிக்கிறாள். வீட்டு எலிக்குக் காத்திருக்கும் வெருகின் குட்டிக்கு நீ இரையாவாயாக என்கிறாள். அச்சேவல் அவள் முற்றத்தது. அந்த எலியும் அவள் வீட்டினது.