‘கிரீன்’ என்றால் பச்சை மட்டும்தானா?



தேர்வு நெருங்கினால் சொற்பட்டியல்கள் கைமாறத் தொடங்கிவிடும். இடப்பக்கம் ஓர் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஒரே ஒரு தமிழ்ச் சொல். ‘கிரீன் - பச்சை’ என்று அதில் ஒரு வரி இருக்கும். மனனம் செய்ய வசதிதான். மொழிபெயர்க்க உட்கார்ந்தால்தான் வம்பு.

ஆங்கிலத்தில் ‘கிரீன்’ என்ற பெயரடையும் வளர்தலைக் குறிக்கும் ‘குரோ’ என்ற வினையும் ஒரே வேரில் பிறந்தவை. முற்றாத காய், ஈரம் காயாத மரம், வேலைக்குப் புதிதாக வந்த ஆள் எல்லாருக்கும் அங்கே இந்தச் சொல்தான். மலாயிலும் அனுபவமில்லாதவரை ‘மாசே ஹிஜாவ்’ என்பார்கள். தமிழில் ‘அவர் இன்னும் பச்சை’ என்று எழுதினால் யாருக்காவது புரியுமா? ‘தொழிலுக்குப் புதியவர்’ என்று எழுதுங்கள். கேலி என்றால் ‘கத்துக்குட்டி’ இருக்கவே இருக்கிறது.

நம் பச்சையும் லேசுப்பட்டதல்ல. அதற்கும் புதுமை, பக்குவப்படாமை என்ற பொருள்கள் உண்டு. ஆனால் போன பாதை வேறு. காய்ச்சாத நீர் பச்சைத் தண்ணீர். பிள்ளை பெற்றவளுக்குப் பச்சை உடம்பு. கலப்பில்லாத பொய் பச்சைப் பொய். கூச்சமில்லாமல் பேசினால் பச்சையாகப் பேசுகிறான். இவற்றில் எங்கேயாவது ‘கிரீன்’ போட்டுப் பாருங்கள், ஓர் இடத்திலும் நிற்காது.

‘சுற்றுச்சூழலுக்குப் பசுமை, நிறத்துக்குப் பச்சை’ என்று சிலர் சூத்திரம் சொல்லித் தருகிறோம். பாதி சரி. மலேசியாவின் 2009ஆம் ஆண்டுக் கொள்கை பசுமைத் தொழில்நுட்பக் கொள்கைதான். சிங்கப்பூரின் 2030 திட்டமும் பசுமைத் திட்டம்தான். ஆனால் பசும்பொன்னில் பச்சை நிறம் எங்கே? பைந்தமிழில் சுற்றுச்சூழல் எங்கே? பசுமை + தமிழ் = பைந்தமிழ் என்று புணர்ச்சி விதி சொல்லிக் கொடுக்கும்போதே, ‘இங்கே பசுமை என்றால் இளமை, செழுமை’ என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் மாணவருக்கு இரண்டும் பதியும்.

மரபுத்தொடர்களில் இன்னும் கவனம் வேண்டும். அனுமதி கொடுப்பதை ஆங்கிலம் பச்சை விளக்காகச் சொல்லும். நாம் பச்சைக்கொடி காட்டுவோம். ஷேக்ஸ்பியர் பொறாமைக்குப் பச்சைக் கண் வைத்தார். நமக்குப் பொறாமை என்றால் வயிற்றெரிச்சல். நட்டதெல்லாம் தழைக்க வைப்பவருக்கு அவர்கள் பச்சை விரல் என்பார்கள். நம் பாட்டிமார் ‘கைராசி’ என்பார்கள். ‘கிரீன்வாஷ்’ என்ற புதுச்சொல்லைப் ‘பச்சைக் கழுவல்’ ஆக்கிவிடாதீர்கள். சுவருக்கு வெள்ளையடிப்பதைக் குறிக்கும் ‘வைட்வாஷ்’ என்ற சொல்லைப் பார்த்து உருவானது அது. கழுவுவது இல்லை, பூசி மறைப்பது. ஆகவே ‘பசுமைப் பூச்சு’ பொருந்தும்.

சொற்பட்டியலே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று அது பழக்கிவிடுவதுதான் குறை. வலப்பக்கத்தில் தனிச்சொல்லுக்குப் பதிலாக மூன்று சிறு வாக்கியங்கள் எழுதுங்கள். மாணவர்களே, விடைத்தாளில் எழுதும் முன் அந்தத் தொடரை வாய்விட்டுச் சொல்வது போல மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். வீட்டில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள், பாடநூலிலும் அப்படிப் படித்ததில்லை என்று தோன்றினால், வேறு சொல் தேடுங்கள்.